பலவேசம் ஏன் இறங்கினார்

ஜன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி. எனக்கு இந்தப் பக்கந்தான் தோது, வேப்பங்குளத்துக்கு ரோடு பிரியுத விலக்குல எறங்கணும். ஒரு முக்கால் மணி நேரம். நீங்க திருச்செந்தூரா? நல்லாப் போயிட்டு வாங்க. நானும் இந்த வருசத்துல நாலு தடவை போயிட்டேன். வேண்டுதல்லாம் ஒண்ணும் கெடையாது. பஸ்ஸு அங்க போயித்தான் நிக்குது, அதனால போனேன். அதைப் பெறவு சொல்லுதேன்.

இதுவா? இது ஒரு சர்ட்டிபிகேட் அண்ணாச்சி. மடங்கிரக் கூடாதுன்னு கவருக்குள்ள அட்டை வச்சிருக்கேன். கையில வச்சிருந்தா வேர்வை பட்டு மை கலங்கிரும். இன்னா, நமக்கு நடுவுல வைக்கேன். லேசா ஒதுங்கி இருங்க, சாஞ்சிராதீங்க.

நமக்கு ஜெராக்ஸ் கடை. கோர்ட்டுக்கு நேர் எதுத்தாப்புல, வடிவு ஜெராக்ஸ்னு போர்டு இருக்கும். வடிவு நம்ம மக. கடை ஆரம்பிச்ச அன்னைக்கு அவளுக்கு ஏழு மாசம், இப்ப காலேஜ் ரெண்டாம் வருசம். கோர்ட் வாசல்ல அஞ்சு ஜெராக்ஸ் கடை இருக்கு. ஆனா எந்த வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டாலும் 'கொம்பையா கடைக்குப் போ'ன்னுதான் சொல்லுவான். சொல்லுவான்னு இல்ல, சொல்லிக்கிட்டு இருந்தான். இப்பச் சொல்லுததில்ல.

ஏன்னு சொல்லுதேன். ஜெராக்ஸ் எடுக்க வாரவன் இருக்காம்லா, அவனுக்கு நகல் மேலதான் கண்ணு. நகல் சூடா வெளிய வரும். அதை வாங்கி, சரியா விழுந்திருக்கான்னு வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, பதனமா மடிச்சுப் பையில வச்சுக்கிட்டுப் போயிருவான். ஒரிஜினல் கண்ணாடி மேல, மூடிக்கு அடியில கெடக்கும். பத்துக்கு மூணு பேரு இப்படித்தான். ஆதார் கார்டு, வீட்டுப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, என்னத்தையும் விட்டுட்டுப் போவாங்க. ஒரு அம்மா புருசனோட இறப்புச் சான்றிதழை விட்டுட்டுப் போச்சு. அதுக்குத்தான் ஒரு மாசமா அலைஞ்சிருக்கு.

மத்த கடைக்காரன் என்ன செய்வான்? 'ஏ செவப்புச் சட்டை', 'யோவ் மஞ்சப்பை'ன்னு கத்துவான். எவன் திரும்புவான்? கோர்ட் வாசல்ல நூறு செவப்புச் சட்டை நிக்கும். நான் அப்படி இல்ல. மூடியத் தெறந்ததும் பேப்பர்ல இருக்க பேரைப் பாப்பேன். பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். அந்தக் கூட்டத்துல, அந்த வண்டிச் சத்தத்துல, தன் பேரு காதுல விழுந்தா மனுசன் திரும்பிருவான். அது ஒரு மரியாதையும்லா. நமக்குத் தொண்டையும் கொஞ்சம் பெருசு. கோர்ட்டு டவாலி மூணு தடவை கூப்பிடுத பேரைக் கொம்பையா ஒரே தடவையில கூப்பிட்டுருவான்னு வக்கீலுங்க கேலி பண்ணுவாங்க. பதினெட்டு வருசத்துல ஒரு ஒரிஜினல் நம்ம கடையில ராத்தங்குனதில்ல.

இப்ப என் டிராயர்ல நாப்பத்திரெண்டு ஒரிஜினல் கெடக்கு. பதினோரு மாசத்துல சேந்தது. நான் கூப்பிடுததில்ல அண்ணாச்சி. அவங்களா நெனப்பு வந்து திரும்பி வந்தா எடுத்துக் குடுப்பேன். வராட்டி கெடக்கும். 'உம்ம கண்ணு முன்னாலதானவே போனேன், ஒரு சத்தம் குடுத்தா என்ன'ன்னு சண்டைக்கு வாராங்க. ஒருத்தரு, கொம்பையா ஒரிஜினலை ஒளிச்சு வச்சுக்கிட்டு ஆளை அலைய விடுதான்னு பஜார் பூரா சொல்லிட்டாரு. சொல்லிட்டுப் போறாரு. எனக்குத் தொண்டை சரியில்ல, அவ்வளவுதான் விசயம்.

போன வருசம் ஜூன்ல எங்க கோர்ட் வாசல்ல ஒரு ஆளை வெட்டுனாங்க. பேப்பர்ல வந்துச்சு, டிவியில ஒரு நாள் பூரா காட்டுனாங்க. பாத்திருப்பீங்க. அந்த எடந்தான். நம்ம கடைக்கு முன்னால நாலு எட்டு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. நான் தொண்டையச் சொல்லுதேன்.

ஆனா அதுல இருந்து எல்லாரும் நம்மள ஒரு மாதிரி பாக்காங்க. பக்கத்துல ஸ்டாம்பு விக்கிற மாசானம் ஒரு வாரம் கடை போடலை. பெறவு வந்தாரு, உக்காந்தாரு, மத்தியானம் தூக்குச்சட்டியத் தெறந்து சோறு திங்காரு. ரத்தம் கெடந்த எடத்துல மண்ணைப் போட்டாங்க, அந்த மண்ணு மேல இப்பப் பைக்க நிப்பாட்டுதாங்க. நான் மூணாம் நாளே கடையத் தெறந்துட்டேன். பாத்துக்கிடுங்க, மாசானம் ஒரு வாரம், நான் மூணு நாளு. அப்ப யாரு தைரியமான ஆளு? ஆனா நம்ம சம்சாரம் ஆவுடை, எனக்குத்தான் பயந்த கோளாறுன்னு முடிவு கட்டிட்டா. கோயில் பூசாரிட்ட கூட்டிட்டுப் போயி, வேப்பங்கொலையால அடிச்சு, மூஞ்சில தண்ணிய எறிஞ்சு, திருநீறு பூசி, இன்னா, இந்தக் கறுப்புக் கயித்தக் கட்டி விட்டா.

கயிறு கேக்கலைன்னு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு, தன்மையாப் பேசிச்சு. தூக்கம் வருதான்னு கேட்டுச்சு, வருதுன்னேன். கெட்ட கனவு வருதான்னு கேட்டுச்சு, இல்லைன்னேன். சத்தம் கேட்டாத் திடுக்குன்னு இருக்கான்னு கேட்டுச்சு, கோர்ட் வாசல்ல சத்தத்துக்கா பஞ்சம்மான்னேன். மாத்திரை எழுதிக் குடுத்துட்டு, 'யார்ட்டயாவது மனசு விட்டுப் பேசுங்க'ன்னு சொல்லிச்சு. உன்ட்டப் பேசத்தான் தாயி வந்தேன்னு சொல்லலாம்னு பாத்தேன். வெளிய அறுபது பேரு சீட்டோட நிக்காங்க. எந்திரிச்சு வந்துட்டேன்.

ஆவுடைக்கு என்ன கொறைன்னா, நான் யாரையும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டேங்கேனாம். எனக்கே தெரியலை பாத்துக்கிடுங்க. அவதான் சொன்னா, 'போன ஆனியில இருந்து எம் பேரு உங்க வாயில வரலை'ன்னு. பொண்டாட்டி பேரை யாரு சதா சொல்லிக்கிட்டு இருக்கா? 'இந்தா', 'இங்க பாரு' போதாதா? மகளுக்கும் அப்படித்தான். அவ இருக்க எடத்துக்குப் போயி முன்னால நின்னு பேசுவேன். முகத்தப் பாத்துப் பேசுதது நல்லதுதான.

மாசியில ஒரு நாளு மக டிபன் டப்பாவ மறந்து வச்சுட்டுப் போயிட்டா. நான் பாக்கையில தெருமுனையில போயிக்கிட்டு இருக்கா. ஒரு சத்தம் குடுத்தாத் திரும்பிருவா. நான் ஓடுனேன் அண்ணாச்சி. சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு, செருப்பு இல்லாம, கையில டப்பாவோட. அம்பது வயசு ஆளு. தெருவே வேடிக்கை பாக்கு. அவ டவுன் பஸ்ஸுல ஏறிட்டா, பஸ்ஸும் கெளம்பிருச்சு. பஸ்ஸுக்குப் பின்னாலயும் ஓடுனேன். டிரைவரு கண்ணாடியில பாத்துட்டு நிப்பாட்டிட்டாரு. நான் ஜன்னல் வழியா டப்பாவ நீட்டி, 'எறங்காத, எறங்காத, அங்கனயே இரு'ன்னு சொன்னேன். அவ எறங்கிட்டா. எறங்கி, ரோட்டுல வச்சு என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. 'ஏம்ப்பா எம் பேரைச் சொல்ல மாட்டேங்கிய, நான் என்னப்பா செஞ்சேன்'னு கேக்கா. நான் அவ முகத்தப் பாக்கலை. ரோட்டுல ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டே இருந்தேன், பைக்கு ஏதும் வருதான்னு.

சரி, இம்புட்டுச் சொல்லியாச்சு. அதையும் சொல்லிருதேன். நீங்க திருச்செந்தூர் போற ஆளு, நாளைக்கு உங்களை நான் பாக்கவா போறேன்.

அன்னைக்குப் பதினொன்னரை மணி இருக்கும். ஒரு ஆளு வந்தாரு. வெள்ளை வேட்டி, கட்டம் போட்ட சட்டை. கோர்ட்டுல வாய்தாவுக்கு வந்தவரு. மக பிளஸ் டூ முடிச்சிருக்கா, காலேஜுல சேக்கணும், டி.சி.க்கு மூணு நகல் எடுங்கன்னாரு. ஸ்கூல்லயே ரெண்டாவது மார்க்குன்னு அவராச் சொன்னாரு. நான் கேக்கலை. தகப்பன்மாரு அப்படித்தான், ஆளு இல்லைன்னா மெசின்ட்டயாவது சொல்லுவாங்க. எம்மகளும் காலேஜுலதான் படிக்கான்னு நானும் சொன்னேன். எடுத்துக் குடுத்தேன். அதுக்குள்ள எதுத்தாப்புல பஸ்ஸு வந்துருச்சு. இந்த ரூட்டு பஸ்ஸுதான் அண்ணாச்சி. நகலை மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டி ஓடுனாரு.

மூடியத் தெறந்தேன். டி.சி. கெடக்கு. மேல பிள்ளை பேரு, பூங்கனின்னு. பிள்ளை பேரைச் சொன்னா தகப்பன் எப்படித் திரும்புவாரு? கீழ தேடுனேன். தந்தை பெயர் பலவேசம். அதைத் தேடிப் பாத்தேன் பாருங்க, வேற எவனும் அம்புட்டு மெனக்கெட மாட்டான். வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டேன். 'பலவேசம் அண்ணாச்சி, ஒரிஜினல்.'

அவரு ஒரு காலைப் படியில வச்சுட்டாரு. ஒரு கால் படியில, ஒரு கால் ரோட்டுல. திரும்பிப் பாத்தாரு. நான் டி.சி.யத் தூக்கிக் காட்டுனேன். அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு. தன் மண்டையில தானே ஒரு தட்டுத் தட்டிக்கிட்டு எறங்குனாரு. கண்டக்டரு விசில் குடுத்துட்டாரு, பஸ்ஸு போயிருச்சு. இனி அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் நிக்கணும். ஆனாலும் சிரிச்சுக்கிட்டே, எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே வாராரு.

பாதி ரோட்டுக்கு வந்துட்டாரு. ரெண்டு பைக்கு. நான் பாத்தது அவ்வளவுதான். அவங்க எங்க நின்னாங்க, எப்படி வந்தாங்க, ஒண்ணும் எனக்குத் தெரியாது.

எங்க பஜார்ல ஒரு பழக்கம் உண்டு. ஏதாவது கலவரம்னா முதல்ல ஒரு ஷட்டர் விழும். அந்தச் சத்தத்தக் கேட்டு அடுத்தது விழும். என்ன ஏதுன்னு எவனும் எட்டிப் பாக்க மாட்டான். கோர்ட்டுல இருந்து மார்க்கெட்டு வரைக்கும் வரிசையா விழுந்துக்கிட்டே போகும். கை தன்னால செஞ்சிரும், மனசைக் கேக்காது. அன்னைக்கும் விழுந்துச்சு. முதல்ல விழுந்தது எந்தக் கடை ஷட்டர்னா, நம்ம கடைதான் பக்கம், அப்ப நம்மளதாத்தான் இருக்கும். உள்ள ஒரே இருட்டு. மெசின்ல பச்சை லைட்டு மட்டும் எரியுது. கையில டி.சி. இருக்கு. ஷட்டர்ல ரெண்டு தட்டு விழுந்துச்சு. ஆளு கையால தட்டுனதா, ஓடும்போது வேற ஏதும் பட்டுச்சா, தெரியாது. ரெண்டே தட்டுதான். மூணாவது தட்டு கேக்குமான்னு ரொம்ப நேரம் நின்னேன். இப்பவும் கடையில தனியா இருந்தா நிப்பேன்.

போலீஸ்காரங்க வந்து கேட்டாங்க. 'உள்ள வேலையா இருந்தேன் சார், சத்தம் கேட்டு ஷட்டரப் போட்டேன்'னேன். எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க. ஊருல ஏதோ நிலத் தகராறாம், பழைய பகையாம். நாலு நாளுல ஆளைப் பிடிச்சுட்டாங்க. வெட்டுனவங்க போன்ல பலவேசம் போட்டோ இருந்துச்சாம். இதை நல்லாக் கேட்டுக்கிடுங்க அண்ணாச்சி, போட்டோ இருந்துச்சு. முகம் தெரிஞ்சுதான் வந்திருக்காங்க. நான் கூப்பிடாட்டாலும் பஸ்ஸு பின்னாலயே போயிருப்பாங்க, ஊருல வச்சு முடிச்சிருப்பாங்க. இன்ஸ்பெக்டரே டிவியில சொன்னாரு.

பதினாறு கழிஞ்சு அவரு சம்சாரமும் அந்தப் பிள்ளையும் வந்தாங்க. கடை கடையா ஏறி எறங்குதாங்க. நம்ம கடை மூணாவது. பிள்ளை கேட்டுச்சு, 'அண்ணாச்சி, எங்கப்பா இங்கன ஜெராக்ஸ் எடுத்தாங்களா? பையில நகல் மூணு இருந்துச்சு, டி.சி. ஒரிஜினலைக் காணும்'னு. டி.சி. என் வலது கைப் பக்கத்து டிராயர்ல இருக்கு. கைய நீட்டி எடுக்க வேண்டியதுதான். 'நம்ம கடைக்கு வரலையேம்மா, பக்கத்துல கேட்டுப் பாரு'ன்னு சொன்னேன். எப்படி வந்துச்சுன்னே தெரியலை, வாயில இருந்து விழுந்துருச்சு. விழுந்த பெறவு அள்ள முடியுமா?

அந்த அம்மா டி.சி.யப் பத்திக் கேக்கவே இல்ல. அதுக்கு ஒரே ஒரு கேள்வி. 'அவுக பஸ்ஸுல ஏறிட்டாக அண்ணாச்சி. ஏன் எறங்குனாக?' ஸ்டேஷன்ல கேமராப் படத்தக் காட்டியிருக்காங்க. கேமராவுல படம்தான விழும், சத்தம் விழாதுலா. நம்ம கடை வாசலும் தெரியலை, வக்கீல் போர்டு ஒண்ணு மறைச்சிருச்சு. படியில காலை வச்சவரு திரும்புதாரு, சிரிக்காரு, எறங்குதாரு. அம்புட்டுத்தான் தெரியுது. 'தெரிஞ்ச ஆளைப் பாத்தாத்தான் அவுக அப்படிச் சிரிப்பாக. தெரிஞ்ச ஆளுதான் கூப்பிட்டிருக்கான்'னு அந்த அம்மா சொல்லுது.

யாருன்னும் அதுவே சொல்லிச்சு. அதோட கூடப் பொறந்த தம்பி. செல்லப்பான்னு பேரு. அன்னைக்கு மச்சானுக்குத் துணையா கோர்ட்டுக்கு வந்தவன், அடுத்த பஸ்ஸுல வாரேன்னு டீக்கடையில நின்னிருக்கான். அவன்தான் கூப்பிட்டுக் காட்டிக் குடுத்துட்டான், அவங்களுக்குக் கையாளாப் போயிட்டான்னு சொல்லி அது நெஞ்சுல அடிச்சுக்கிடுது. எனக்கு மனசு கேக்கலை. ஏதாவது ஆறுதலாச் சொல்லணும்லா. 'காலம் அப்படிக் கெடக்கும்மா, கூடப் பொறந்தவனையே நம்ப முடியலை'ன்னு சொன்னேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன்.

பெறவு தை மாசம் அந்தப் பிள்ளை மட்டும் வந்துச்சு. வருசம் போச்சாம். டூப்ளிகேட் டி.சி. வாங்க அலையுதாம். காணாமப் போனதுன்னு ஸ்டேஷன்ல ஒரு சர்ட்டிபிகேட் குடுப்பாங்கள்லா, அதை ஆறு மாசமா நடந்து வாங்கிருக்கு. அந்தச் சர்ட்டிபிகேட்டுக்கு நகல் எடுக்க எங்கிட்டயே வந்து நிக்கு. டிராயர் மேல கையூனிக்கிட்டுப் பேசுது. மாமாவ அம்மா வீட்டுப் படியேற விடுததில்லையாம். அவன் ஊரை விட்டே போயிட்டானாம். போகும்போது வாசல்ல நின்னு 'அக்கா, நான் கூப்பிடலைக்கா'ன்னு கத்திருக்கான். இந்தம்மா கதவைத் தெறக்கலை. அந்தப் பிள்ளை சொல்லுது, 'மாமா கூப்பிட்டிருக்க மாட்டாங்க அண்ணாச்சி. ஆனா யாரு கூப்பிட்டாங்கன்னு தெரியாம அம்மாவுக்கு எப்படிப் புரிய வைக்க?'ன்னு. நான் நகல் எடுத்துக் குடுத்தேன்.

அதுவும் ஒரிஜினலை விட்டுட்டுப் போயிருச்சு. அப்பன் பிள்ளைதான. மூடியத் தெறந்து பாக்கேன், ஸ்டேஷன் சர்ட்டிபிகேட் கெடக்கு. வாசலுக்கு வந்தேன். பிள்ளை ரோட்டைத் தாண்டிப் போகுது, தாவணியில்ல, சுடிதாரு, ரெட்டச் சடை. பஸ்ஸு நிக்கு. நான் கூப்பிடலை. வாயை இறுக்கிப் பொத்திக்கிட்டேன். அது படியில கால் வச்சு, உள்ள போயி, ஜன்னலோரத்துல உக்கார வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். பஸ்ஸு போயிருச்சு. பத்திரமாப் போயிருச்சு. அன்னைக்கு ராத்திரிதான் அண்ணாச்சி எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு.

என்ன அப்படிப் பாக்கீங்க? ஆமா, அதுவும் இந்தக் கவர்லதான் இருக்கு. ரெண்டும் இருக்கு. எங்க விட்டோம்னு அதுக்கு நெனப்பு வரலை போல, பஸ்ஸுல விட்டுட்டோம்னு நெனச்சிருக்கும். திரும்பி வரலை. அந்தப் பிள்ளைக்கு இன்னைக்கு வரைக்கும் டூப்ளிகேட்டும் கெடைக்கலை. வீட்டுல பீடி சுத்துதாம், இந்தக் கண்டக்டர்தான் சொன்னாரு. நான் சும்மா விசாரிக்க மாதிரி விசாரிச்சேன்.

அதைக் கேட்ட பெறவுதான் குடுத்துரலாம்னு கெளம்புனேன். அவங்க ஊரு வேப்பங்குளம், அந்த விலக்குக்குத்தான் டிக்கெட் எடுப்பேன். விலக்கு வரும். கண்டக்டர் எறங்குங்கன்னு சொல்லுவாரு. எனக்குக் கால் எந்திரிக்காது. 'இல்ல, கோயிலுக்கே போயிட்டு வந்துருதேன்'னு சொல்லி மிச்சத்துக்கும் டிக்கெட் வாங்கிக்கிடுவேன். அங்க போயி கடல்ல ஒரு முங்கு, கோயில்ல ஒரு கும்பிடு, இலைத் திருநீறோட வீட்டுக்கு வந்துருவேன். அவருக்குப் பக்தி வந்துருச்சு, எல்லாம் கயிறு செய்த வேலைன்னு ஆவுடை தெருவுல சொல்லிக்கிட்டு இருக்கா. இந்தக் கண்டக்டரும் இப்பல்லாம் 'என்ன அண்ணாச்சி, விலக்கா, முருகனா'ன்னு கேட்டுட்டுத்தான் டிக்கெட்டே கிழிக்காரு.

டி.சி.யத் தபால்ல போட்டுரலாம்லான்னு கேப்பீங்க. யோசிக்காம இருப்பனா? கவர்ல விலாசம் எல்லாம் எழுதிட்டேன். பிள்ளைக்கு டி.சி. கெடைச்சிரும். அந்த அம்மா கேட்டதுக்கு எதைத் தபால்ல போட? கூப்பிட்டது யாருன்னு எழுதாத வரைக்கும் செல்லப்பா தலையிலதான அது கெடக்கும். எழுதிப் பாத்தேன். பேப்பர்ல எழுதுனா அது ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கு. நேர்ல போயித்தான் சொல்லணும்.

இப்ப மறுபடியும் காலேஜ் அட்மிஷன் தொடங்கிருச்சு. இந்த வாரம் விட்டா அந்தப் பிள்ளைக்கு இந்த வருசமும் போச்சு. அதான் இன்னைக்கு.

ஒண்ணு மட்டும் இன்னும் சொல்லலை. ஆவுடைக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்குத் தெரியாது. நான் வாசல்ல வந்து கூப்பிட்டேம்லா, அப்ப நம்ம கடை ஓரத்துல ஒருத்தன் பைக்குல உக்காந்திருந்தான். ஹெல்மெட்டோட. நகல் எடுக்க வந்த ஆளு, நெழலுக்கு ஒதுங்கியிருக்கான்னு நெனச்சேன். நான் பேரைச் சொன்னதும் என்னப் பாத்தான். பெறவு ரோட்டப் பாத்தான். பெறவு மறுபடியும் என்னப் பாத்து, லேசாத் தலையை ஆட்டுனான். உதவி செஞ்ச ஆளுக்கு ஆட்டுவோம்லா, அது மாதிரி. ஹெல்மெட்டு கனம், தலை ஆடத்தான் செய்யும். போட்டோ இருந்துச்சுன்னு இன்ஸ்பெக்டரே சொல்லிட்டாருலா. போட்டோ வச்சிருக்கவன் எதுக்கு அண்ணாச்சி எனக்குத் தலையாட்டணும்?

நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். சொன்னாலும் எனக்கு ஏறாது.

அன்னா விலக்கு தெரியுது, அந்த நெழக்கொடை தெரியுதுலா, அதுதான். கண்டக்டரு இப்பவே என்னப் பாத்துச் சிரிக்காரு. இன்னைக்கு அவருக்கு ஏமாத்தந்தான். வீடு எதுன்னு விசாரிச்சு வச்சிருக்கேன், தண்ணித் தொட்டிக்கு அடுத்தது, நீலக் கதவு. என்ன சொல்லணும்னு பாடம் பண்ணியாச்சு. 'கூப்பிட்டது நான்தாம்மா. உங்க தம்பி இல்ல.' அம்புட்டுத்தான். அதுக்குப் பெறவு அந்தம்மா என்ன செஞ்சாலும் சரி. செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன்.

எந்திரிச்சிட்டேன் பாத்தீங்களா? போன தடவையெல்லாம் எந்திரிக்கக் கூட இல்ல. வாரேன் அண்ணாச்சி. முருகன்ட்ட நான் விசாரிச்சதாச் சொல்லுங்க. கண்டக்டர் தம்பி, ஆள் எறக்கம், விலக்குதான், சிரிக்காதீரும்.

ஆங்?

யாரு, நீங்களா? நீங்களா கொம்பையான்னு கூப்பிட்டது?

கவரு. கவரை சீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன்.

இன்னா பாருங்க அண்ணாச்சி, என் காலைப் பாருங்க. ஒரு கால் படியில, ஒரு கால் ரோட்டுல. யாரு, எதுக்குன்னு ஒண்ணும் நெனைக்கலை, பேரு காதுல விழுந்துச்சு, திரும்பிட்டேன். சிரிப்புக் கூட வந்துருச்சு. மண்டையிலயும் தட்டிக்கிட்டேனா? தட்டிக்கிட்டேன்.

எனக்கு உங்க மேல ஒரு கோவமும் வரலை. இப்ப இந்த ரோட்டுல என்ன வந்து என்ன அடிச்சாலும் உங்களைக் கொறை சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. நீங்க நல்லதுக்குத்தான கூப்பிட்டீங்க.

அழல. வெயிலு. ஜன்னல் வழியாக் குடுங்க. பதனமா, மடங்கிராம.

தம்பி, நீரு விசில் குடும். பூங்கனி வீட்டுக்குத்தான் போறேன். எறங்கிட்டேன்.